அடுப்பை அணைத்த பிறகு வேகும் முட்டை

முட்டைப் பொடிமாஸ் நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் ஸ்க்ராம்பிள்டு எக் லேசில் வருவதில்லை. கை அப்படிப் பழகியிருக்கும். எண்ணெய் நன்றாகக் காய வேண்டும், முட்டையை ஊற்றியதும் சர்ரென்று சத்தம் வர வேண்டும், ஈரம் சுண்டிப் பொலபொலவென்று உதிர வேண்டும். வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் போட்ட பொடிமாஸுக்கு இதெல்லாம் சரி. சீஸ் போட்டு, கரண்டியில் எடுத்தால் மெல்ல வழிகிற பதத்தில் செய்யும் முட்டைக்கு இதில் ஒன்றுகூட ஆகாது. சத்தம் வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். உதிர ஆரம்பித்துவிட்டால் அப்புறம் எத்தனை வெண்ணெய் போட்டாலும் திரும்பாது.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு போகிறவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். கேரளம்தான், ஆனால் வீட்டுக்குள் பேச்சு கொங்குத் தமிழ். பஸ்ஸின் பலகை மலையாளத்தில் இருக்கும், கண்டக்டரிடம் தமிழில் டிக்கெட் கேட்கலாம். காலையில் ஒரு வீட்டில் புட்டும் கடலைக்கறியும், பக்கத்து வீட்டில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும். இந்த இரண்டுக்கும் நடுவே ரொட்டியும் முட்டையும் நுழைந்தது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளால்தான். அரைத்து வைத்த மாவு தீர்ந்துபோன காலைகளில் எனக்கும் அது சௌகரியம்.

முட்டை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. நாமக்கல்லில் அட்டைக்கு 30 என்று அடுக்கி ஏற்றிய லாரிகள் வாளையாறு வழியாகவும் கோபாலபுரம் வழியாகவும் உள்ளே வரும். எங்கள் தெருமுனைக் கடைச் சேட்டனிடம் விலை ஏன் ஏறியது என்று கேட்டால், “நாமக்கல்லில் கேளுங்க” என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். 1982-இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, என்இசிசி, அறிவிக்கும் கொள்முதல் விலையை வைத்துத்தான் இங்கே கடை விலையும் நகரும். புரட்டாசியில் தமிழ்நாட்டில் பாதி வீடுகள் கவிச்சியை நிறுத்திவிடும், விலை இறங்கும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுபவர்கள் இரண்டு மாநிலத்திலும் நிறுத்துவார்கள். டிசம்பரில் கேரளத்து பேக்கரிகள் கேக்குக்காக அட்டை அட்டையாக வாங்க ஆரம்பித்ததும் மறுபடி ஏறும். நாட்காட்டியைப் பார்க்காமலே மாதத்தைச் சொல்லிவிடலாம்.

நாட்டுக்கோழி முட்டைதான் ருசி என்று சொல்கிறவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. அது சின்னது, வெள்ளைக்கு மஞ்சளின் அளவு கூடுதல், அதனால் இந்தச் சமையலுக்கு உண்மையிலேயே நல்லது. கிடைத்தால் நாலுக்குப் பதில் ஐந்தாக எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பண்ணை முட்டையில் ஒரு குறையும் வராது. அறுவடை முடிந்ததும் வயலில் தாரா, அதாவது வாத்து, மேய்க்க வருபவர்களிடம் தாரா முட்டை வாங்கலாம். அதில் கொழுப்பு அதிகம்தான், ஆனாலும் இதற்கு நான் எடுக்க மாட்டேன். தாரா முட்டையை நன்றாக வேக வைத்துச் சாப்பிடுவதே நல்லது. அதற்கென்று வெங்காயம் வதக்கிச் செய்யும் முட்டை ரோஸ்ட் இருக்கிறது, தொட்டுக்கொள்ள ஆப்பம் இருக்கிறது.

முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி புரதமும் கொழுப்பும். சூடு ஏறினால் புரதம் ஒன்றோடொன்று பின்னி வலையாகி அந்தத் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைக்கும். மென்மை என்று நாம் சொல்வது அந்தத் தளர்ந்த வலையைத்தான். வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் கெட்டியாகத் தொடங்கும், மஞ்சள் கரு 65-க்கு மேலே. இரண்டையும் அடித்துக் கலந்தால் 70-ஐ ஒட்டி இறுகும். 80-ஐத் தாண்டினால் வலை இறுக இறுகப் பிடித்த தண்ணீரைத் தானே பிழிந்து வெளியே தள்ளும். தட்டில் முட்டைக்கு அடியில் தண்ணீர் கோத்து நிற்கிறதே, அது இதுதான். பால் அதிகமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பாலைக் குறை சொல்லிப் பயனில்லை, தீயைக் குறைக்க வேண்டும்.

அப்படியானால் நமக்குக் கிடைக்கும் இடைவெளி பத்துப் பதினைந்து டிகிரிதான். நன்றாகக் காய்ந்த சட்டியோ 150-க்கு மேல் இருக்கும். பொடிமாஸ் பழக்கத்தில் ஊற்றினால் அந்த இடைவெளியைக் கண்ணால் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

எங்கள் ஊரில் இதோடு இன்னொரு சங்கடம் சேரும். மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த 30, 40 கிலோமீட்டர் அகல இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கிறோம். ஆனியிலும் ஆடியிலும் காற்று மேற்கே இருந்து அடிக்கும், மார்கழி தையில் கிழக்கே இருந்து திரும்பி அடிக்கும். கஞ்சிக்கோட்டில் இந்தக் காற்றை நம்பித்தான் காற்றாலை நட்டிருக்கிறார்கள். கேஸ் அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு முட்டை உடைக்கத் திரும்பினால் தீ அணைந்திருக்கும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். அதனால் ஜன்னலைச் சாத்தாமல் சிம் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயமில்லை. ஆனால் விலை குறைந்த இண்டக்ஷன்கள் குறைந்த சூட்டில் தொடர்ந்து எரிவதில்லை. சில நொடி முழுச் சூடு, சில நொடி சும்மா, இப்படி மாறி மாறித்தான் ஓடும். சட்டியைத் தூக்கித் தூக்கி வைத்தால் சமாளிக்கலாம். இந்த முட்டைக்கு அது நல்ல பழக்கமும்கூட.

சரி, செய்வதற்கு வருவோம். மூன்று பேருக்கு நாலு முட்டை. ஒரு கிண்ணத்தில் உடைத்து ஊற்றி, இரண்டு சிட்டிகை உப்பு போட்டு, வெள்ளை தனியாகக் கோடு கோடாகத் தெரியாமல் போகும் வரைக்கும் முள்கரண்டியால் அடிக்கவும். நுரை பொங்க அடிப்பது ஆம்லெட்டுக்கு. அடித்ததை அப்படியே கால்மணி நேரம் வைத்துவிடுவேன். உப்பு முன்னாலேயே சேர்ந்தால் புரதம் அவ்வளவு இறுக்கமாகப் பின்னாது, தண்ணீரும் பிரியாது. நிறம் கொஞ்சம் அடர்ந்து ஆரஞ்சு சாயலுக்கு வரும், பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குத் தலை பின்னிவிடலாம். உப்பைக் குறைவாகவே போடுங்கள், பின்னால் வரும் சீஸில் நிறைய இருக்கிறது.

பாலா, க்ரீமா என்ற கேள்விக்கு என் பதில் பாலாடை. எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா பால் நிறையக் கறக்கிற இடம், கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றியது போக வீட்டுக்கு எடுத்து வைக்கும் பாலைக் காய்ச்சினால் மேலே விரல் தடிப்புக்கு ஆடை கட்டும். அதில் ஒரு ஸ்பூன் எடுத்து மசித்து முட்டையோடு அடித்துவிட்டால் போதும். கொழுப்பு புரதத்துக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டு அதைச் சீக்கிரம் இறுக விடாது. வெறும் பால் ஊற்றினால் அளவு கூடும், ருசி நீர்க்கும். சோளமாவைக் கரைத்து ஊற்றும் வழியும் ஒன்று இருக்கிறது. மாவுச்சத்து புரதத்தை ஒட்டவிடாமல் பிடிப்பதால் அதுவும் வேலை செய்யும், அவசரக்காரர்களுக்கு உதவும். எனக்கு அந்த வழவழப்பு பிடிக்கவில்லை.

சட்டி நான்ஸ்டிக் நல்லது. எவர்சில்வரில் செய்தால் பாதி முட்டை சட்டிக்குத்தான். இரும்புத் தோசைக்கல் வாங்கின சூட்டைச் சுலபத்தில் விடாது, அதனால் இதற்கு வேண்டாம். கரண்டி மரமோ சிலிக்கானோ, முனை தட்டையாக இருந்தால் அடியை வழித்தெடுக்கத் தோதாக இருக்கும்.

சட்டியை அடுப்பில் வைத்து, ஒரு ஸ்பூன் வெண்ணெய் போட்டு, அது உருகி நுரைக்கத் தொடங்கும்போதே முட்டையை ஊற்றிவிடுவேன். தீ சிம்மில். முதல் ஒரு நிமிடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். கை சும்மா இருக்காமல் தீயைக் கூட்டப் போகும், விடாதீர்கள். கரண்டியால் அடியை மெதுவாக வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் விளிம்பில் மெல்லிய தோல் மாதிரி ஒன்று படரும். அதை வழித்து நடுவுக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த சுற்றில் வழித்த இடம் சட்டென்று மூடாமல் ஒரு கணம் சட்டியின் கருப்பு தெரியும். அந்தக் கருப்பு தெரியும் நேரம் நீள நீள முட்டை தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சூடு வேகமாக ஏறுகிறது என்று தோன்றினால் சட்டியைத் தூக்கிப் பிடித்து, கிண்டிக்கொண்டே பத்து நொடி வைத்திருந்து, மறுபடி இறக்கலாம். சின்னச் சின்னத் தயிர்க் கட்டிகளும் அவற்றுக்கு நடுவே கூழ் போன்ற ஈரமும் இருக்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். பார்த்தால் இன்னும் ஒரு நிமிடம் வேண்டும் என்று தோன்றும். அந்த ஒரு நிமிடத்தைச் சட்டியில் இருக்கும் சூடு பார்த்துக்கொள்ளும்.

இப்போதுதான் சீஸ். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த க்யூப் ஒன்று, 25 கிராம், நாலு முட்டைக்குச் சரியான அளவு. கேரட் துருவியின் சின்னக் கண்ணில் துருவியது. சித்திரை வெயிலில் 40 டிகிரி போகும் ஊரில் இதை முன்னாடியே துருவி வைத்தால் உருண்டையாகிவிடும், அதனால் முட்டை அடுப்பில் ஏறும் நேரத்தில் துருவினால் போதும். தீ அணைந்த சட்டியில் தூவி, ஒரு நறுக்கு குளிர்ந்த வெண்ணெயும் சேர்த்து, இரண்டு புரட்டு. குளிர்ந்த சீஸும் வெண்ணெயும் விழுந்ததும் சட்டியின் சூடு இறங்கும், வேகும் வேகமும் தணியும். ருசி ஒரு பக்கம் இருக்கட்டும், சீஸை நான் விரும்புவது இந்த பிரேக்குக்காக. அடித்த முட்டையோடு ஆரம்பத்திலேயே சீஸைக் கலந்துவிடச் சொல்லும் செய்முறைகள் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் சீஸ் அடியில் பிடிக்கும், நெய் தனியாகக் கசியும், பிரேக்கும் கையில் இல்லை.

எந்த சீஸ் என்று கேட்டால் நான் சாதாரண அமுல் ப்ராசஸ்டு சீஸையே சொல்வேன். இதைச் சொன்னால் சமையல் விவரம் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள், தெரியும். பெட்டியின் பக்கவாட்டில் எமல்சிஃபையர் 331, 339 என்று ஏதாவது எண் போட்டிருக்கும். 331 என்றால் சோடியம் சிட்ரேட், 339 சோடியம் பாஸ்பேட். சீஸில் புரதத்தைக் கட்டி வைத்திருக்கும் கால்சியத்தை இந்த உப்புகள் பிரித்துவிடுவதால் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் ஒரே சீராக உருகும். இந்த முட்டைக்கு நமக்கு வேண்டியதும் அதுதானே. நல்ல பழைய செடார் கிடைத்தால் வாசனை அருமையாக இருக்கும், ஆனால் சூடு கொஞ்சம் கூடினாலும் எண்ணெய் விடும். அதில் பாதி, இதில் பாதி போடலாம். மொஸரெல்லா நூல் நூலாக இழுக்கும், பிள்ளைகளுக்கு விளையாட்டு, முட்டைக்குப் பிரயோஜனமில்லை. பனீரைத் துருவிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். புளிப்பு ஊற்றித் திரித்த பனீர் எந்தச் சூட்டிலும் உருகாது. சாப்பிடலாம், க்ரீமி என்று மட்டும் சொல்ல முடியாது.

அமுல் என்றதும் ஒரு விஷயம். அதை வளர்த்தெடுத்த வர்கீஸ் குரியன் 1921-இல் கோழிக்கோட்டில் பிறந்தவர், கோபிசெட்டிபாளையத்தில் பள்ளிக்கூடம் போனவர், அப்புறம் சென்னையில் லயோலாவிலும் கிண்டியிலும் படித்துவிட்டு ஆனந்துக்குப் போனார். கேரளத்தில் பிறந்து கொங்கு நாட்டில் படித்தவர் குஜராத்தில் கட்டி எழுப்பிய கூட்டுறவின் சீஸ், நாமக்கல் முட்டையின் மேல் எங்கள் வீட்டில் உருகுகிறது. எல்லைக்காரர்களுக்கு இப்படி எதையாவது கண்டுபிடித்து உரிமை கொண்டாடுவதில் ஓர் அற்ப சந்தோஷம்.

எங்கள் அத்தைக்கு இதெல்லாம் எடுபடாது. மாமியாரைத்தான் சொல்கிறேன். தட்டில் வைத்ததும் கரண்டியால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார்.

“ஏம்மிணி, இது வெந்துச்சா இல்லையா?”

“வெந்துருச்சுங்கத்தை. பதமே அப்படித்தான்.”

“பதமா? பச்சையா இருக்குதே. எனக்கு மட்டும் ஒருக்கா சட்டியில போட்டு எடுத்துரு சாமி.”

நான் மறு பேச்சுப் பேசாமல் அவர் பங்கை அடுப்பில் ஏற்றி உதிர வைத்துத் தருவேன். மிளகாய்த்தூளும் கேட்பார். அதுவும் உண்டு.

அவர் பயத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். 71 டிகிரி வரை சூடு ஏறினால் அது செத்துவிடும். நான் சொல்கிற பதம் அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது, ஒழுகுகிற பதத்திலேயே எடுத்துவிட்டால் எல்லைக்குக் கீழே போய்விடும். அதனால் கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் உடம்புக்கு முடியாதவர்களுக்கும் நன்றாக வேக வைத்துக் கொடுப்பதுதான் முறை. அத்தைக்கு எழுபது தாண்டியாயிற்று, அவர் கேட்பது சரியும்கூட. ஓட்டில் விரிசல் இருக்கும் முட்டையை இதற்கு எடுக்காதீர்கள்.

ஆனால் இளகிய முட்டை என்றாலே வெள்ளைக்காரன் சாப்பாடு என்று சொல்வதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பார்சிகளின் அகூரி இருக்கிறது. வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் நம்முடையவை, முட்டை மட்டும் இளகி, தளதளவென்று. தெருவோரத்தில் ஆப்பாயிலை ஒரே வாயில் உறிஞ்சுகிற ஊர்க்காரர்கள் இதைப் பார்த்துப் பச்சை என்று சொல்வது எந்தக் கணக்கு என்று புரியவில்லை.

கவிச்சி வாடை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலையில் முட்டை வேண்டாம் என்பவர்களில் பலர் அதற்காகத்தான் சொல்கிறார்கள். வெள்ளைக்கருவில் கந்தகம் இருக்கிறது. அதிகச் சூட்டில் அது ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறும், அந்த வாடைதான் மூக்கைத் துளைக்கிறது. அதிக நேரம் வேக வைத்த முட்டையில் மஞ்சளைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தெரியுமே, அதுவும் அந்தக் கந்தகம் மஞ்சளில் இருக்கும் இரும்போடு சேர்ந்து உண்டாவது. மெல்லிய சூட்டில் செய்தால் வாடை வெகுவாகக் குறையும். வீட்டில் யாராவது முட்டை சாப்பிடாதவர் இருந்தால் இந்த வித்தியாசத்தை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

தட்டுக்கு வந்தபின் மேலே மிளகு, வேறொன்றும் வேண்டாம். நெல்லியாம்பதிப் பக்கத்து மிளகு கிடைத்தால் உரலில் ஒன்றிரண்டாகத் தட்டிப் போடுங்கள். பொடியாக அரைத்து டப்பாவில் கிடந்த மிளகுத்தூளுக்கு இங்கே வேலையில்லை. ரொட்டியை டோஸ்டரில் போடுவதைவிட, கல்லில் நெய் தடவி இரண்டு பக்கமும் முறுகலாகச் சுட்டால் இந்த இளக்கத்துக்கு நல்ல ஜோடி. ரொட்டி இல்லாத நாளில் ராமசேரி இட்லி வைத்தும் சாப்பிட்டிருக்கிறோம். எலப்புள்ளிப் பக்கம் முதலியார் குடும்பங்கள் மண்பானையின் மேல் துணி கட்டி அவிக்கிற தட்டையான இட்லி அது. முந்தின நாள் வாங்கியது மிச்சம் இருந்தால் நெய்யில் லேசாக வாட்டி, மேலே முட்டையைப் பரப்பலாம். பாலக்காட்டுக்காரர்கள் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், பொடியும் தேங்காயெண்ணெயும்தான் அதற்கு உண்டான மரியாதை என்று. வரட்டும்.

ஆற விடாதீர்கள். எல்லோரும் உட்கார்ந்து, ரொட்டி தட்டில் விழுந்த பிறகுதான் முட்டையை ஊற்ற வேண்டும். குளிக்கப் போனவருக்காக மூடி வைத்தால், மூடிக்குள் இருக்கும் ஆவியிலேயே இறுகிவிடும். மைக்ரோவேவில் சுட வைத்தால் தண்ணீர் தனியாக, முட்டை தனியாக. தாமதமாக வருபவருக்குத் தனியாக இரண்டு முட்டை அடித்து வைத்துவிடுவது என் வழக்கம், ஐந்து நிமிட வேலைதானே.

கழுவும்போது சட்டிக்கும் தட்டுக்கும் முதலில் பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் ஒட்டியிருக்கும் முட்டை அங்கேயே வெந்து பிடித்துக்கொள்ளும், சீஸும் இழைந்து நாரில் சுற்றும். பச்சைத் தண்ணீரில் ஊறி முட்டை விட்டபின், சீஸ் பிசுக்குக்கு மட்டும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். எங்கள் வீட்டில் முட்டைக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, கழுவும் நாரும் தனி. வெள்ளிக்கிழமை அந்த மூன்றும் அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்விடும்.